நூறு தடவை கழுவிய நெய்

நெய்யை நூறு தடவை கழுவினால் அது நெய்யாக இருக்காது. மஞ்சள் போய், வாசனை போய், விரலில் எடுத்தால் எடை தெரியாத வெள்ளைக் களிம்பாக ஆகிவிடும். வறண்டு வெடித்த தோலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது என்பது என் அப்பாவின் கட்சி. அப்பா குழித்துறைப் பக்கத்தில் நாட்டு வைத்தியர். அவருடைய மருந்துகளில் என் கையால் ஆனது இது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் மூளை வேண்டும், இதற்குத் தோள்பட்டை போதும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டிருந்தார்.

வேலை மிகவும் எளிது, அதனால்தான் அலுப்பு. செம்புத் தட்டில் ஒரு கை பசுநெய்யை வைத்து, கிணற்று நீரைக் கொஞ்சம் ஊற்றி, உள்ளங்கையால் ஒரே பக்கமாகச் சுழற்றித் தேய்க்க வேண்டும். நெய் நீரோடு சேராமல் முரண்டு பிடிக்கும். பிறகு மெல்லச் சேரும். நீரை வடித்துவிட்டு மறுபடியும் புது நீர். அப்படி ஒரு தடவை வடித்தால் ஒரு கழுவல். ஒரு கழுவலுக்கு ஒரு புளியங்கொட்டையை இந்தத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு மாற்றிப் போடுவேன். நூறு கொட்டையும் மாறி முடிந்ததும், இளஞ்சூட்டில் உருக்கிய கொஞ்சம் தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்துச் சின்ன மத்தால் கடைய வேண்டும். ஆறஆற அது ஊதிப் பெருகும். ஒரு கை நெய்க்கு இரண்டு சிரட்டை களிம்பு நிற்கும்.

கல்யாணமாகி நான் பாறசாலைக்கு வந்தது எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்ட தாலுகாக்களில் எங்கள் பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரையும் ஒன்று. வீட்டில் மூன்றே பேர். என் வீட்டுக்காரர் தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழும், ஆள் இல்லாத நாட்களில் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். மாமி, அதாவது அவருடைய அம்மா, விதவை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் மூன்றாவது பெஞ்சை விட்டு அசையாதவர். மூன்றாவது ஆள் நான். கூடவே ஒரு பசுவும் இருந்தது. நெய்க்குப் பஞ்சமில்லை.

வீடும் வீட்டைச் சுற்றிய நிலமும் மாமியின் பெயரில் இருந்தன. மாமியின் அப்பா மகளுக்கு எழுதிக் கொடுத்தது. பலாவும் தெங்கும் நான்கு மூடு மரச்சீனிக் கிழங்கும் உள்ள சாதாரண இடம். அதில் அதிசயமாகச் சொல்ல ஒன்றுமில்லை, கிணறு மட்டும் எந்த வறட்சியிலும் வற்றாது.

ஒரு ஊர்வலத்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து வந்தார். இடது காது கொஞ்ச நாள் மந்தமாக இருந்தது. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் அவருடைய நம்பிக்கை எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. எங்களுக்குத் தெற்கே களியக்காவிளையோடு கோடு நின்றுவிடும், நெய்யாற்றின்கரையைத் தரமாட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். கோடு போடுவதற்கு முன்னால் இந்த இடத்தை விற்று எழுதிக் கொடுத்துவிட்டு, தமிழ்நாட்டில் சேரப்போகிற குழித்துறைப் பக்கம் போய்விட வேண்டும், பிறகு இரண்டு மாநிலம், இரண்டு பதிவுக் கச்சேரி, எந்தக் கடிதாசு எங்கே செல்லும் என்று யார் கண்டது என்றார். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். குழித்துறையில் ஒரு வீட்டுமனையும் பார்த்து வைத்தார். அதன் சொந்தக்காரர் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த மனையிலிருந்து என் அப்பா வீட்டுக்கு அரை மணி நேர நடை. நாடு, மொழி என்றெல்லாம் நான் பெரிதாக யோசித்தவளல்ல. அம்மாவை நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு அந்தப் போராட்டத்தின் பலன்.

மாமிக்கு எழுதத் தெரியாது. இடத்தை விற்கிற ஆதாரம் பதிய ரெஜிஸ்தர் கச்சேரிக்குப் போனபோது இடது பெருவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தார்கள். ரேகைக்குப் பதிலாகக் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக விழுந்தது. வலது பெருவிரலும் அப்படித்தான். சாம்பலும் தேங்காய்நாரும் போட்டுப் பாத்திரம் விளக்கி விளக்கி மாமியின் பத்து விரலும் கோடைவயல் மாதிரி வெடித்துக் கிடந்தன. அங்கே இருந்த அதிகாரி புதியவர், பயந்தவர். கள்ள ஆதாரம் என்று நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் தன் வேலை போகும் என்று நினைத்தாரோ என்னவோ, விரல் ஆறிய பிறகு வரச் சொல்லிவிட்டார்.

"விரலு எப்பிடி இருந்தாலும் ஆளு நான் தானே சாரே" என்று மாமி கேட்டார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வழியில் நான்தான் வாயைக் கொடுத்தேன். "ரெண்டு வாரம் போதும். எனக்க அப்பாவுக்க மருந்து இருக்கு, நான் செய்து தாறேன்" என்றேன். வீட்டுக்காரர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சம் வந்தது. மாமி பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாளே தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைந்து இறக்கிய களிம்பை ஒரு சிரட்டையில் எடுத்து மாமியிடம் கொடுத்தேன். மாமி அதை ஜன்னல் திண்டில் வைத்துக்கொண்டார். காலையிலும் மாலையிலும் அங்கே நின்று இரண்டு பெருவிரலிலும் வெள்ளையாகப் பூசிக்கொள்வதை நானே கண்ணால் பார்த்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

இரண்டு வாரம் ஆயிற்று. ஆறவில்லை. நான்கு வாரம் ஆயிற்று, வெடிப்பு இன்னும் ஆழமாயிற்று. நெய் பழசாகியிருக்கலாம் என்று புது நெய் உருக்கினேன். கிணற்று நீரில் இரும்பு இருக்கலாம் என்று மழைத்தண்ணீர் பிடித்துக் கழுவினேன். தட்டைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நூறு தடவை கழுவுகியா?"

"கழுவுகேன்."

"எண்ணுகியா?"

"கொட்டை வச்சாக்கும் எண்ணுகேன்."

கணக்கு வாத்தியார் கொட்டையைக் கொட்டி எண்ணினார். தொண்ணூற்றேழு இருந்தது. மூன்றைக் கோழி தூக்கியதோ, எங்கேயாவது உருண்டு போயிற்றோ, எனக்குத் தெரியாது. "மூணு கொறையுது பாரு" என்றார், பெரிய களவைக் கண்டுபிடித்தவர் போல. எனக்குக் காது வரை சூடேறியது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து, குறைந்த மூன்றுக்கு வட்டியாக மூன்றைக் கூட்டி, வாரந்தோறும் நூற்றுமூன்று தடவை கழுவினேன். அப்படியே மூன்று மாதம் ஓடியது, ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போலீஸ்காரர்கள் வீட்டைச் சோதனை போட வந்தார்கள். ஊரில் ஒட்டுகிற போராட்ட நோட்டீஸ் எங்கள் வீட்டில் இருந்துதான் போகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். வந்த இரண்டு பேரும் பெட்டியைக் குடைந்தார்கள், பரணில் ஏறினார்கள், பசுவின் வைக்கோலைக் கிளறினார்கள். கடைசியில் அடுக்களையில் நான் கடைந்து வைத்திருந்த களிம்பின் முன்னால் ஒருவர் நின்றார்.

"இதெந்தா? நோட்டீஸ் ஒட்டிக்குந்ந பசையாணோ?"

"பசையில்ல சாரே, மருந்தாக்கும். கை வெடிப்புக்குள்ளது" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஒரு பழைய காகிதத்தில் களிம்பைத் தடவிச் சுவரில் ஒட்டினார். காகிதம் அமைதியாக வழுக்கிக் கீழே வந்து விழுந்தது. இன்னொருவர் சிரித்துவிட்டார். சோதனை அதோடு முடிந்திருக்கும். போகிற போக்கில் முதல் ஆள், தன் உதடு காற்றில் வெடித்திருந்தது ஞாபகம் வந்து, ஜன்னல் திண்டில் இருந்த மாமியின் சிரட்டையில் விரலை விட்டு எடுத்து உதட்டில் நன்றாகத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்த நொடி துள்ளினார். "அய்யோ! சுண்ணாம்பாணல்லோ இது!"

மாமி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அது எனக்குள்ளதாக்கும். கேக்காம எடுத்துப் பூசினா பின்ன எரியாதா?" என்றார். அந்த மனிதர் கிணற்றடிக்கு ஓடி இரண்டு வாளி தண்ணீரில் வாயைக் கழுவினார். திட்டிக்கொண்டே போனார்கள், நோட்டீஸ் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர்கள் படியிறங்கியதும் நான் அந்தச் சிரட்டையை எடுத்து நாக்கு நுனியில் துளி வைத்துப் பார்த்தேன். பொசுக்கியது. வெற்றிலைச் சுண்ணாம்பு. மாமி அதை என் களிம்பில் கலந்து, கலந்ததே தெரியாதபடி குழைத்து வைத்திருந்தார். இரண்டும் வெள்ளை. நான் தினமும் பார்த்து நிறைவடைந்தது இதைத்தான். மாமி பல்வலியால் வெற்றிலையை விட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அப்படியும் வாரம் தவறாமல் சந்தையில் சுண்ணாம்பு வாங்கி வந்ததை நான் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. நாலு மாதம் உள்ளங்கை தேயத் தேய்த்தவள் நான். "மாமி, இது என்ன வேலையாக்கும்? நூறு தடவை கழுவுகேன் நான். நீங்க அதில சுண்ணாம்பைக் கலக்குகீங்க!"

"கத்தாத மக்கா. அடுத்த வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டு. உங்க மகன் சாயந்திரம் வரும்போ நான் சொல்லத்தான் போறேன்."

மாமி முறத்தைக் கீழே வைத்தார். "கோடு இங்கோட்டு வரும் மக்கா. நெய்யாற்றங்கரையையும் சேத்துத்தானே கேட்டிருக்கு. கொஞ்சம் பொறுத்தா நாம போகண்டாம், தமிழ்நாடு இங்க வரும். அதுக்கு முன்ன இதை எழுதிக் குடுத்துட்டுப் போனா, பெறவு எனக்க அப்பன் தந்த இடத்தை வழியில நின்னு பாக்கணுமா?"

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"எப்பிடிச் சொல்லுவேன்? அவன் அடி வாங்கிட்டு வந்து நிக்கான். போவோம் அம்மான்னு சொல்லுகான். மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. வெரலு சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

நான் அவருடைய கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அதுவரை மருந்து போடுகிறவளாக மட்டும்தான் அந்த விரலைப் பார்த்திருந்தேன். வெடிப்பின் அடியில் சிவப்பு தெரிந்தது. "எரியாதா?" என்று கேட்டேன்.

"எரியும்" என்றார் மாமி.

சாயந்திரம் வீட்டுக்காரர் வந்தார். போலீஸ் வந்த கதையைச் சொன்னேன். காகிதம் வழுக்கியதைச் சொன்னபோது சிரித்தார். உதடு எரிந்ததை விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் தன் அம்மாவின் விரலைப் பார்த்துவிட்டு, "உனக்க அப்பனுக்க மருந்து இவ்வளவுதானா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் தைத்தது. அப்பாவின் மருந்து பொய்த்ததில்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அடுத்த மாதம் நான் குழித்துறையில் இருப்பேன்.

மாமி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் போல" என்றேன்.

அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை. மாமிமேல் பாசம் என்றால் பொய். அப்போது எனக்கு அவரிடம் கோபம்தான் இருந்தது. ஆனால் ஒரு மனுஷி தன் மகனின் முகம் வாடக் கூடாது என்று தினமும் இரண்டு வேளை தன் விரலைத் தானே பொசுக்கிக்கொள்கிறாள் என்றால், அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்ற என் கை போகாது. அவ்வளவுதான் தெரிந்தது. அப்பாவை விட்டுக்கொடுத்தேனே என்ற குறுகுறுப்பு மட்டும் வெகுநாள் இருந்தது.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைதோறும் கழுவினேன். பொய்க்காகச் செய்வதைக்கூட அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. தொலைந்த மூன்று கொட்டைக்குப் பதில் புதிதாக மூன்று போட்டுச் சரியாக நூறு வைத்தேன். மாமியிடம் இரண்டு சிரட்டை கொடுத்தேன். "ஒண்ணில மட்டும் உங்க விருப்பம்போல கலக்குங்க. மத்தது மத்த வெரலுக்கு. அதுக என்ன பாவம் செய்துது?" என்றேன். மாமி முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு மாதத்தில் எட்டு விரலும் ஆறிப் பூப்போல ஆயின. இரண்டு பெருவிரல் மட்டும் வெடித்தபடி இருந்தன. எட்டை ஆற்றிவிட்டு இரண்டை மட்டும் விட்டுவைக்கிற மருந்தைப் பற்றி, தொண்ணூற்றேழு கொட்டையைக் கண்டுபிடித்த கணக்கு வாத்தியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கச்சேரிக்குப் போகிற பேச்சை எடுப்பதும் குறைந்தது. கோட்டைப் பற்றி மட்டும் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகக் காத்திருந்தோம்.

கடைசியில் பத்திரிகையில் வந்துவிட்டது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு. நெய்யாற்றின்கரை இங்கேயே, கேரளத்தில். களியக்காவிளை வரைதான் கோடு. வீட்டுக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக வாசித்துக் காட்டினார். அவர் சொன்னதுதான் நடந்தது, ஆனால் குரலில் ஜெயித்த ஆளின் சத்தம் இல்லை. மாமி கேட்டுவிட்டு எழுந்து போய் மீனை அறுத்தார். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. மூன்று பேரும் அப்படியே தின்றோம்.

மறுநாள் காலையில் மாமி சுண்ணாம்புச் செப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"இனி பூசிவிடு மக்கா. கோடு வரல்ல."

நான் பூசினேன். அழுகிறாரா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு பூசி முடித்தேன்.

பன்னிரண்டு நாளில் ஆறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமி வீட்டுக்காரருக்குச் சோறு போட்டார். அவர் சோற்றைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். அந்தக் கையை இடது கையால் பிடித்து ஜன்னல் பக்கமாகத் திருப்பி, பெருவிரலை வெகுநேரம் பார்த்தார். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது.

"உனக்க அப்பனுக்க மருந்து நல்ல மருந்துதான்" என்று என்னிடம் சொன்னார்.

மாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஆறியாச்சு மக்கா. இனி கச்சேரிக்குப் போவோம். குழித்துறைக்காரரு இன்னும் அந்த மனையை யாருக்கும் குடுக்கல்லன்னு கேள்விப்பட்டேன். நீ சொன்ன இடத்துக்கு நான் வாறேன்" என்றார். மனதார, சண்டையில்லாமல் சொன்னார். காத்திருந்தது வரவில்லை, இனிப் பிடிவாதம் பிடிக்க ஒன்றுமில்லை என்ற தொனி அதில் இருந்தது.

வீட்டுக்காரர் ஒரு பிடி சோறு உருட்டிவிட்டு இலையிலேயே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்லுக?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் என்னை அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. போவோம் என்று சொன்னால் போதும். என் அம்மாவின் அடுக்களை, அப்பாவின் மருந்துப் பெட்டி, அரை மணி நேர நடை எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. மாமியின் பெருவிரல் இன்னும் மகனின் கையில் இருந்தது. புதுத்தோல், இளஞ்சிவப்பு.

"கச்சேரிக்குப் போனா மாமி திரும்பவும் வெரலை வெடிக்க வைப்பாங்க" என்றேன். "இனி ஒரு நூறு கழுவ என்னால முடியாது. இங்கயே கெடப்போம்."

மாமி சிரித்தார். வீட்டுக்காரரும், முன்னமே தெரிந்தவர் போல, சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். செம்புத் தட்டைக் கழுவி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன். தட்டை அன்று காலையிலேயே கழுவி வைத்திருந்தேன்.